ஆமை பார்த்தவர்கள்

"மாப்ளே, இன்னிக்கு நீதான் ஆமை."

மச்சினன் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினான். "என்ன மாமா, காலங்காத்தால ஏசுறீங்க?"

"ஏசலைடா. நிஜமாவே ஆமை."

படகுக்காரர் கொட்டகை மூலையில் கவிழ்ந்து கிடந்த பிளாஸ்டிக் தொட்டியைக் காலால் தள்ளிவிட்டார். முதுகில் பச்சையும் பழுப்புமாகப் பெயின்ட். உள்பக்கம் தோளில் மாட்ட இரண்டு வார்.

"இதைக் கட்டிக்கிட்டு பாறைக்குப் பின்னாடியிருந்து வா. தூரத்துலேயே ரெண்டு சுத்து சுத்து. போயிடு."

"மூச்சு?"

"கப்பல்காரங்களுக்கு வாடகைக்கு விடுறோமே, அந்தக் குழாயை வாயில வச்சுக்க."

குளிர்காலம் வந்தால் கப்பல் வரும். ஊரில் பனி கொட்டுகிறது என்று ஓடி வருகிறவர்கள், இங்கே இறங்கியதும் வெயில் கொளுத்துகிறது என்று அலுத்துக்கொள்வார்கள். அவர்களைப் பவளப்பாறைக்குக் கூட்டிப் போய், கண்ணாடியும் குழாயும் மாட்டி, கடலில் குப்புறப் போட்டு மீன் காட்டுவதுதான் படகுக்காரர் தொழில். இந்த வருஷம் கப்பல் விளம்பரத்தில் 'கடல் ஆமை நிச்சயம்' என்று எவனோ போட்டுவிட்டான். போடுவதற்கு முன்னால் ஆமையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இவர்கள் உடம்பில் பூசிவரும் எண்ணெய் நாற்றம் தாங்காமல் அது எப்போதோ இடத்தைக் காலி செய்துவிட்டது.

"கப்பல் மேனேஜரம்மா இன்னிக்கு அவங்களே வர்றாங்கடா. ஆமை தெரியலைன்னா அடுத்த கப்பல்லேர்ந்து அக்கரைப் படகுக்காரனுக்குக் குடுத்துடுவாங்களாம். அப்புறம் உங்க அக்காவும் நானும் மணலைத்தான் தின்னணும். நீயும்தான். நீ திங்கிறதும் நம்ம வீட்லதானே?"

"சொல்லிக்காட்டாதீங்க மாமா. நீங்க படகை எடுங்க. நான் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு மேட்டு வழியா பாறைக்கு வந்துடறேன்."

படகு நிறைய ஆள். நடுவில் மேனேஜரம்மா எழுந்து நின்று கையைத் தட்டினார். "ஆமையைப் பார்த்தவங்களுக்கு ராத்திரி விருந்துல கேப்டன் கையாலேயே பேட்ஜ்! பார்க்காதவங்க வருத்தப்பட வேண்டாம். உட்கார்ந்து கைதட்டலாம்."

படகுக்காரரும் தன் பங்குக்குச் சொல்லி வைத்தார். "ஆமைக்குக் கூச்சம் ஜாஸ்தி. யாரும் கிட்டப் போகாதீங்க. தொட்டா கேஸாயிடும்."

பாறை வந்ததும் எல்லோரும் தண்ணீரில் இறங்கினார்கள். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. படகிலிருந்து பார்த்தால் மேலே நீட்டிக்கொண்டிருந்த குழாய்கள்தான் தெரிந்தன. அடியில் நடப்பது கடலுக்கே வெளிச்சம்.

நேரம் போனது. ஒரு சத்தமும் இல்லை. மேனேஜரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படகு ஓரமாக நீந்தி வந்தார்.

"என்ன படகுக்காரரே, எங்கே உங்க ஆமை?"

"வரும்மா. அது என்ன, ஆள் விட்டனுப்பினா வர்ற சாதியா?"

மனசுக்குள் மச்சினனை வைதுகொண்டிருக்கும்போதே ஒரு கை தண்ணீருக்கு மேலே எழும்பியது. பல் டாக்டர். "பார்த்துட்டேன்! நான் பார்த்துட்டேன்!"

"எங்கே, எங்கே?"

"இப்பத்தான் இந்தப் பக்கமாப் போச்சு. என்னைப் பார்த்துச் சிரிச்சுது. பல்லெல்லாம் என்ன வரிசை!"

ஆமைக்கு ஏது பல்? படகுக்காரருக்குத் திக்கென்றது. குழாயைத் துப்பிவிட்டு, கிட்டப் போய் இளித்திருக்கிறான், மடையன்.

"எங்களுக்கும் தெரிஞ்சுது!" என்றான் புதுமாப்பிள்ளை. "என் வொய்ஃபைப் பார்த்துக் கையாட்டிச்சுங்க!"

"ரெண்டு தடவை!" என்றாள் புதுப்பெண்.

தறுதலை. பெண்பிள்ளை ஒன்று கண்ணில் பட்டுவிடக்கூடாது அவனுக்கு.

ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஏணியைப் பிடித்து மூச்சிரைக்க ஏறினார். "முதுகுமேல ஒரு குட்டி உட்கார்ந்திருந்தது. யாரும் பார்த்திருக்க மாட்டீங்க. நான் காலமெல்லாம் சாட்சி விசாரிச்சவன், என் கண்ணு தப்பாது."

குட்டியா? சோற்றுச் சட்டியையும் எடுத்துக் கவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டானா பாவி? நடிக்கச் சொன்னால் இப்படியா நடிப்பான்!

அதற்கப்புறம் கேட்க வேண்டாம். ஆளாளுக்குப் பார்த்தார்கள். அடுத்தவர் பார்த்த ஆமை முந்தினவர் பார்த்ததைவிட ஒரு சாண் பெரிதாகவே இருந்தது. படகுக்காரருக்கு வியர்த்து ஊற்றியது. துடுப்பை எடுத்துப் படகின் வயிற்றில் ஓங்கித் தட்டினார். "போதும்டா, போய்த் தொலைடா" என்று வாய்க்குள்ளேயே கெஞ்சினார்.

கடைசியாக மேனேஜரம்மா ஏறினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். படகே அவர் வாயைப் பார்த்தது. போச்சு, வாரைப் பார்த்துவிட்டாள் என்று படகுக்காரர் கையைப் பிசைந்தார்.

"நான் எத்தனையோ தீவு பார்த்தாச்சு," என்றார் மேனேஜரம்மா. "இப்படி ஒரு ஆமையைப் பார்த்ததே இல்லை. என் தோளை உரசிக்கிட்டுப் போச்சுங்க. தோல் என்ன மெத்துமெத்துன்னு! இந்தக் குளிர்காலம் பூரா உங்க படகுதான். அடுத்த குளிர்காலமும் உங்களுக்கே!"

எல்லோரும் கைதட்டினார்கள். பேட்ஜ் கிடைக்காதவர் என்று அந்தப் படகில் ஒருவருமில்லை.

படகுக்காரர் வழியில் கோழி வறுவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். "எங்கேடி உன் தம்பி, அந்த மகாநடிகன்? இனிமே அவனை ஒரு வார்த்தை சொன்னேன்னா என்னைச் செருப்பால அடி!"

மனைவி உள்ளறையைக் கை காட்டினாள். மச்சினன் கட்டிலில் சுருண்டு கிடந்தான். இவரைக் கண்டதும் போர்வையை இழுத்துக்கொண்டான்.

"கோவிச்சுக்காதீங்க மாமா, அந்தம்மா ரொம்பத் திட்டிட்டாங்களா? நீங்க கிளம்பினதுலேர்ந்து நிக்காம வயித்தால போகுது, இன்னிக்கு நான் கடல் பக்கமே வரலை."