லாஸ்பேட்டையில் ஒரு முற்றுகை

“சண்டை நடந்த எடம்ங்கறீங்களே பாய், ஒரு துருப்பிடிச்ச ஆணியாவது கெடைச்சுதா?”

சுலோசனா கேட்டதும் விசாரணை அறையே சிரித்தது. அதிகாரி தேவதாஸும் சிரித்துவிட்டு, பதவி ஞாபகம் வந்து இருமினார்.

லாஸ்பேட்டையில் சுலோசனாவுக்கும் தம்பி விஜய்க்கும் பொதுவான இரண்டு ஏக்கர் திடல். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளையாட அதுதான் இடம். வெள்ளிக்கிழமை அது மனைகளாகப் பதிவாகப் போகிறது. ‘அந்தக் காலப் புதுச்சேரி முற்றுகையில் இங்கிலீஷ்காரன் பீரங்கி வைத்துப் பிரெஞ்சுக் கோட்டையைச் சுட்ட இடம் அது. அரசு எடுத்துப் பூங்காவாக்க வேண்டும்’ என்று மனுப் போட்டிருந்தார், சண்டே மார்க்கெட்டில் பழைய புத்தகம் விற்கும் அப்துல் முத்தலிப்.

தேவதாஸுக்கும் உள்ளூரப் பூங்கா ஆசைதான். இருபத்தாறு வருட சர்வீஸில் அவர் காப்பாற்றிய ஒரே சொத்து தன் குடை. அதையும் போன மாதம் பஸ்ஸில் விட்டாயிற்று.

“ஆதாரம் இருக்கா பாய்?”

முத்தலிப் ஒரு பழைய புத்தகத்தை நீட்டினார். “புஸ்தகத்துல போட்டிருக்கு சார்.”

“புஸ்தகத்துல எது வேணா போடுவான்,” என்றான் விஜய்.

“அதானே!” சுலோசனா எழுந்தேவிட்டாள். “எங்கப்பா ஏர் ஓட்டுனப்ப நாலு இரும்புக் குண்டு கெளம்புச்சு. கதவுக்கு முட்டுக் குடுத்து வச்சிருக்கோம். அதுக்காகப் போர்க்களம்னு ஆயிடுமா?”

சிரித்தவர்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பினார்கள்.

“அக்கா, ஒக்காரு.” விஜய் பல்லைக் கடித்தான்.

தேவதாஸ் பேனா மூடியைக் கழற்றினார். “என்ன சைஸும்மா?”

“தேங்கா சைஸு.” சொன்ன பிறகுதான் சுலோசனா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குண்டுகளை நிபுணர்கள் பார்த்தார்கள், பீரங்கிக் குண்டுகளேதான். பதிவு நின்றது. 2005 பொங்கலன்று பூங்கா திறந்தது. சறுக்குமரத்தில் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். கோட்டையைத் தானே பிடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு சுற்று வந்தார் தேவதாஸ்.

வேப்பமரத்தடியில் சுலோசனாவின் முதுகு தெரிந்தது. பாவம், வாயால் நிலத்தை விட்டவள். ஆறுதல் சொல்ல நெருங்கியவர், எதிரே முத்தலிப் கைகட்டி நிற்பதைப் பார்த்து நின்றுவிட்டார்.

“தம்பிகிட்ட விக்க மாட்டேன்னு சொல்ல முடியாமத்தான பாய், அந்த மனுவ எழுதி ஒங்க பேர்ல போடச் சொன்னேன்,” என்று சுலோசனா கடிந்துகொண்டிருந்தாள். “கடைசில ஆதாரத்தையும் நானே குடுக்க வேண்டியதாப் போச்சு!”