படியைப் பார்த்த செருப்புகள்

"படியேற வழியில்லாம செருப்பு! இங்க டியூஷன் நடக்குதா, சந்தை நடக்குதா?" என்று கீழ்வீட்டுச் சுகந்தி மாடியைப் பார்த்துக் கத்தினாள். "மெதுவாப் பேசுங்கக்கா, பிள்ளைங்க பயந்துக்கும்," என்று சொல்லிவிட்டு மாடிவீட்டு ஜெசிந்தா டீச்சர் உள்ளே போனாள். சனிக்கிழமைதோறும் இதே கச்சேரிதான். அப்படி என்ன பாடம் என்று தெரியாமல் எதிர்வீட்டுக்காரி எனக்குச் சோறு இறங்காது. ஒரு கிண்ணம் பாயசத்தோடு மேலே போனேன். கதவு திறந்தே இருந்தது. திரைக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல், "என்மேலதான் தப்பு, டீச்சர். நான் கத்தவே இல்ல," என்றது. உடனே ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து சொன்னார்கள்: "தொட்டவன் மேலதான் தப்பு!" கிண்ணத்தை வாசலிலேயே வைத்தேன். குனிந்து பார்த்தேன். செருப்புகள் எல்லாம் படியைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன, நினைத்த நொடியில் மாட்டிக்கொண்டு ஓட வசதியாக. அதில் பட்டாம்பூச்சி ஒட்டிய ஜோடியை எனக்குத் தெரியும். சுகந்தியின் மகளுக்கு நான்தான் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தேன்.

பின்னாலேயே சுகந்தி வந்து நின்றாள். சற்றுமுன் ஊருக்காகக் கத்திய தொண்டை அது என்று யாரும் நம்பமாட்டார்கள். "அக்கா, வெளிய விட்டுடாதீங்க. அடுத்த மாசம் என் தம்பிக்குக் கல்யாணம்."

"உன் மகளுக்கு நடந்ததுக்கும் தம்பி கல்யாணத்துக்கும் என்ன..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

என் வாயில் ஒரு சேதி ஒரு மணி நேரம் தங்காது என்பது தெருவறிந்தது. இது தங்கிவிட்டது. ஆவணியில் கல்யாணம் நடந்தது. பெண் தாயில்லாதவள், அதனால் அவளுடைய எட்டு வயதுத் தங்கையும் புது ஜோடியோடு ஓசூருக்குக் குடிபோய்விட்டாள்.