கோரின் வீட்டில் இருந்த கம்பளி

கோரின் ஹாஸ்கெட்டின் சோபாவில் மடித்து வைத்திருந்த நீலக் கம்பளி டார்லீனுடையது. ஓரத்தில் அவளே போட்ட சிவப்புத் தையல் இருந்தது. ஆறு மாதமாக அதைத் தன் வீட்டு அலமாரிகளில் தேடிக்கொண்டிருந்தாள்.

“உக்காரு டார்லீன். காபி போடறேன்” என்றாள் கோரின்.

“நான் காபி குடிக்க வரல. என் படுக்கையில கிடந்த கம்பளி இங்க எப்படி வந்துச்சு?”

கோரின் வாசல் கதவைச் சாத்தினாள். வெளியே புல்தரையில் அவளுடைய தேர்தல் பலகை சாய்ந்து கிடந்தது. வரும்போது டார்லீன்தான் வேண்டுமென்றே காரால் இடித்திருந்தாள்.

மாநில சட்டமன்றத் தேர்தலுக்கு இன்னும் ஒன்பது நாள். டார்லீனின் கணவன் ரஸ் ஒரு பக்கம், கோரின் எதிர்ப்பக்கம். “என் வீட்டுத் துப்பாக்கியைத் தொட அரசாங்கத்துக்கு என்ன உரிமை?” என்று ரஸ் கேட்டால் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலிருந்த அந்தச் சிற்றூர் எழுந்து நின்று கைதட்டும். ஆபத்தான வீட்டிலிருந்து கொஞ்ச நாளைக்குத் துப்பாக்கியை எடுத்து வைக்கச் சட்டம் வேண்டும் என்பாள் கோரின். கணவன் வைக்கோல் கொட்டகையில் தன்னையே சுட்டுக்கொண்ட பிறகு மேடை ஏறியவள். அவளைக் கூச்சல் போட்டே உட்கார வைத்துவிடுவார்கள்.

ஆனால் போன வாரம் பள்ளிக்கூட அரங்கில் நடந்த விவாதத்தில் ரஸ் அவளிடம் குரலை உயர்த்தவில்லை. அவள் இருமியபோது தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். முன்வரிசையில் இருந்த டார்லீனுக்கு அது போதுமாக இருந்தது.

அதன் பிறகு எல்லாமே சாட்சி சொல்லத் தொடங்கின. செவ்வாய்க்கிழமைகளில் ரஸ்ஸின் கையில் வேறு வீட்டு சோப்பின் வாசனை. ஏப்ரலில் துப்பாக்கி வைக்கும் இரும்புப் பெட்டகத்தின் பூட்டு எண்ணை மாற்றியவன், புது எண்ணை அவளிடம் சொல்லவில்லை. இருபது வருடத்தில் முதல்முறையாக, மான் வேட்டை தொடங்கும் நாளில் தன் தம்பி டேலோடு காட்டுக்குப் போகாமல் முதுகுவலி என்று படுத்துவிட்டான். தினமும் பகலில் மூன்று தடவை போன் செய்து, “என்ன பண்றே?” என்று கேட்டான். வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டாளா என்று வேவு பார்க்கிறான், வேறென்ன?

மார்ச்சில் ஒருநாள் அவள் ஆற்றங்கரையில் காரை நிறுத்திவிட்டு மாலைவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். ரஸ்தான் தேடி வந்து கூட்டிப்போனான். அதிலிருந்துதான் இந்தக் குழைவெல்லாம். சமைக்காத, தலை வாராத, பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுகிற மனைவியை எவன் விரும்புவான்? கோரின் நிமிர்ந்து நிற்கிறாள். கணவனை இழந்தவளாக இருந்தும் சிரிக்கிறாள். டார்லீனுக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அதிகம் எரிந்தது.

“எத்தனை நாளா நடக்குது?”

“ஏப்ரல்லேர்ந்து.”

“கூசாம சொல்றியே! வியாழக்கிழமை கூட்டத்துல மைக்கைப் பிடுங்கி ஊருக்கே சொல்லப் போறேன். அவனும் தோக்கட்டும், நீயும் தோத்துப் போ.”

“நான் எப்படியும் தோக்கத்தான் போறேன். ரஸ்ஸைக் கெடுக்காத.”

“அடேயப்பா, என்ன அக்கறை! எங்க வீட்டுக்காரன் மேல எனக்கே இவ்வளவு இல்ல.”

கோரின் சாவியை எடுத்தாள். “கீழ வா.”

நிலவறையில் இருந்த அலமாரியைத் திறந்தாள். உள்ளே பதினோரு துப்பாக்கிகள். ரஸ்ஸின் அப்பா கொடுத்த பழைய வேட்டைத் துப்பாக்கியும் இருந்தது. பக்கத்தில் ஒரு எண்ணெய்ப் புட்டி, துணிகள்.

“அந்தக் கம்பளியில சுத்தித்தான் எடுத்துட்டு வந்தான். செவ்வாய்க்கிழமை வந்து துடைச்சு எண்ணெய் போடுவான். கையைக் கழுவிட்டுக் கிளம்பிடுவான். நான் மேல டிவி பாத்துட்டு இருப்பேன்.”

டார்லீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “துப்பாக்கியா? இந்த இரும்புக்கா நான் இத்தனை நாளா வயிறெரிஞ்சேன்?”

சிரிப்பு பாதியில் நின்றது. வேறொரு இடத்தில் சுருக்கென்றது.

“தம்பி டேல் வீட்டுல வச்சிருக்கலாமே. போயும் போயும் உன் வீடா?”

“டேல் ஏன்னு கேப்பான். அப்புறம் ஊரே கேக்கும். ரஸ் டில்மன் வீட்டுல துப்பாக்கி இல்லைன்னு தெரிஞ்சா இங்க எவன் ஓட்டுப் போடுவான்? நான் வெளிய சொல்ல மாட்டேன்னு நம்பினான்.”

“என்கிட்ட சொல்லாததை உன்கிட்ட சொல்லியிருக்கான்.” டார்லீனின் குரல் உடைந்தது. “நீ அவனைத் தொட்டிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது. அவனுக்கு என்ன ஆச்சு கோரின்? உன் புருஷன் மாதிரி ஏதாவது பண்ணிக்குவோம்னு பயந்துட்டானா? சொல்லு. நான் பாத்துக்கறேன் அவனை.”

கோரின் அலமாரியைப் பூட்டினாள். திரும்பி, டார்லீனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“‘எலெக்‌ஷன் போனாப் போகட்டும், டார்லீன் உயிரோட இருக்கணும்’னான்.”