ஒட்டுமீசையைப் பிய்த்த எலி

கிடங்கு எலிகள் களத்துமேட்டில் நாடகம் போட்டால் பூனைக்கு முன்வரிசைதான். நாடகம் முடியும்வரை அது யாரையும் தொடாது, அவ்வளவு நாகரிகம்! நாடகத்தில் வரும் பூனை, குட்டி எலியைக் கவ்வும் கட்டத்தில் எலிகள் விம்மி விம்மி அழும், முன்வரிசைப் பூனையும் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அழுத அலுப்பில் எலிகள் கிடங்குக்குத் திரும்பி அடித்துப் போட்டாற்போல் தூங்கும். பூனைக்கு வேட்டை சுலபம்.

இந்தத் தடவை அதே கட்டத்தில், பூனை வேஷம் கட்டிய எலி ஒட்டுமீசையைப் பிய்த்துவிட்டுச் சபையைப் பார்த்தது. "அழாதீங்க. கிடங்குக்குள்ள பூனை எந்த வழியா வருது? பார்த்தவங்க சொல்லுங்க."

"மூட்டைக்குப் பின்னால ஓட்டை இருக்குதே!" என்றது ஒரு கிழட்டு எலி.

"அதை அடைச்சிட்டா?" என்றது பக்கத்து எலி.

எலிகள் பாதி நாடகத்திலேயே எழுந்து செங்கல் தேடப் போயின.

அன்று அழுதது பூனை மட்டும்தான். அதுவும் முதல்முறையாக, நிஜமாகவே.