வாய்தா நாள்

வாய்தா நாளில் மட்டும்தான் தணிகாசலம் சட்டையை இஸ்திரி போடச் சொல்வார். பூர்வீக வீடு யாருக்கு என்று அவருக்கும் அத்தை மகள் குமுதவல்லிக்கும் வழக்கு. அவளைத்தான் முதலில் அவருக்குப் பேசியிருந்தார்கள் என்பது மனைவி மரகதத்துக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரியும். தீர்ப்புக்குக் காத்திருந்தே வீட்டின் ஒரு பக்கக் கூரை இறங்கிவிட்டது. வாய்தா நெருங்கினால் இரண்டு வக்கீல்களுக்கும் முறை வைத்தாற்போல் காய்ச்சல் வரும்.

இன்று மரகதமும் கூடவே போனாள். கோர்ட் வாசலில் டவாலி, "தணிகாசலம், குமுதவல்லி" என்று ஒரே மூச்சில் மூன்று முறை கூப்பிட்டான். மரகதத்துக்குக் கல்யாணப் பத்திரிகையை வாசிப்பதுபோல் இருந்தது. இருவரும் போய் அருகருகே நின்றார்கள். மறுபடியும் வாய்தா.

வெளியே வந்ததும் குமுதவல்லி, "சுகர் மாத்திரை போட்டீங்களா மாமா?" என்று கேட்டாள். அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வீட்டில் அதே கேள்விக்கு எரிந்து விழுகிற மனிதர்.

மரகதம் குறுக்கே வந்து நின்றாள். "அந்த வீடே நமக்கு வேணாங்க. இவங்க பேருக்கே எழுதிக் குடுத்துடுங்க. கேஸ் இன்னையோட முடியட்டும்."

இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள்: "அதெப்படி?"