வேறொருத்தியின் தையல்

“அப்போ இந்த ஆபரேஷன் உங்களுக்கு நடக்கவே இல்லைங்கிறீங்களா?” கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரியம்மா கணினித் திரையைத் திருப்பிக் காட்டுகிறார். இந்த அந்நிய நாட்டில் தங்குவதற்கான குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்க வந்த மாணவி குனிந்து பார்க்கிறாள். அவளுடைய மருத்துவக் காப்பீட்டு அட்டையில், போன குளிர்காலத்தில் குடல்வாலை எடுத்ததாகப் பதிவாகியிருக்கிறது. பக்கத்தில் நிற்கும் அறைத்தோழியின் கை, தானாகவே தன் வலது அடிவயிற்றைப் பொத்துகிறது. வெயில் கண்ணாடியில் பட்டு அந்த விரல்களின் மேல் நடுங்குகிறது. அந்தத் தழும்பை இவள் நன்றாக அறிவாள். கட்டுப் பிரித்துத் துடைத்துவிட்டவள் இவள்தான். “சிரிச்சா தையல் பிரிஞ்சுடும்டி, பாவி” என்று அவள் கெஞ்சக் கெஞ்ச, ஜோக் சொன்னவளும் இவள்தான். ‘செலவெல்லாம் என் காப்பீடு பார்த்துக்கும்’ என்றுதானே தோழி அன்றைக்குச் சொன்னாள்? அட்டை எப்போது இவள் பையைவிட்டுப் போனது, எப்போது திரும்பி வந்தது?

“யோசிச்சுச் சொல்லுங்கம்மா. வேற யாராவது உங்க அட்டையைக் காட்டியிருந்தா அவங்க அனுமதி ரத்தாயிடும். நீங்க பொய் சொன்னா உங்களோடதும் போயிடும்.”

எங்கோ டோக்கன் மணி அடிக்கிறது. அறைத்தோழி இவள் காதோரம் குனிகிறாள். மூச்சு சுடுகிறது.

“உனக்கு நடந்ததாவே சொல்லிடேன்டி. ஒவ்வொரு தையலும் உனக்குத் தெரியுமே.”