கட்டிக்குள் கட்சி மாறியவர்கள்

"குருவம்மாளப் பார்க்கணும்" என்று ஜெப ஷீலா கேட்டதும், பருத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்தாள்.

"சொல்லுங்க."

ஐம்பது வயதிருக்கும். மடி நிறையப் பருத்தி.

ஜெப ஷீலா மதுரையில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்பவள். இரண்டு வருடங்களுக்கு முன் குருவம்மாளின் சூலகத்திலிருந்து எடுத்த கட்டி அவளுடைய ஆய்வகத்துக்குத்தான் வந்தது. ஆளைப் பார்த்ததில்லை. சம்மதப் படிவத்தின் ஓரத்தில் குருவம்மாள் சொல்லி நர்ஸ் எழுதியிருந்த நிபந்தனையைத்தான் பார்த்திருந்தாள்.

'என்ன கண்டுபிடித்தாலும் ரெட்டியபட்டிக்கு நேரில் வந்து சொல்ல வேண்டும்.'

அதற்காகத்தான் அருப்புக்கோட்டையில் பஸ் மாறி வந்திருந்தாள்.

விவரம் கேட்டதும் அந்தப் பெண் பருத்திக்காட்டைப் பார்த்துக் கூவினாள். "ஏ, வாங்கடி எல்லாரும்! கட்டியப் பத்திச் சொல்ல வந்திருக்காக!"

உடைமர நிழலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். எந்தக் கருத்தரங்கிலும் ஜெப ஷீலாவுக்கு இப்படி வேர்த்ததில்லை.

உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களில் சில கட்டிக்குள் போனதும் கட்சி மாறிவிடுகின்றன என்றாள். கட்டிக்கே காவல் நிற்கின்றன. அதை அழிக்க வரும் மற்ற அணுக்களை மடக்கிவிடுகின்றன.

"அடப் பாவிகளா! கட்டி என்னத்தப் போட்டு மயக்குச்சு, கறிச்சோறா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்க்கா."

ஒருத்தி தன் மச்சினன் பெயரைச் சொல்லி, அவனும் அந்த அணுதான் என்றாள். சிரிப்பு அடங்க நேரமானது.

மடியில் பருத்தியோடு இருந்தவள் மட்டும் கேள்வியை விடவில்லை. அவனுகளைத் திருப்பி நம் பக்கம் இழுக்க முடியுமா? மருந்து வந்துவிட்டதா?

"இன்னும் இல்லக்கா. தேடுறோம். வழி காட்டுனது இந்தக் கட்டிதான்."

ஜெப ஷீலாவுக்கு மனசு நிறைந்திருந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நீங்க இவ்வளவு திடமா இருக்கீங்க. அதுவே சந்தோஷம்க்கா."

மடியில் பருத்தியோடு இருந்தவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் முத்துமாரி, அவ தங்கச்சி. அக்கா போன ஆவணியில தவறிட்டா."

ஜெப ஷீலா நின்றுவிட்டாள்.

"முதல்லயே சொன்னா, துக்கம் விசாரிச்சுட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயிருப்பீக. அவுக வந்தா ஒண்ணு விடாமக் கேட்டு வையிடின்னு சொல்லிட்டுத்தான் போனா."

மடியிலிருந்த பருத்தியை இறக்கிவைத்தாள்.

"கட்சி மாறுனவனுகளுக்கு ஒரு பேரு இருக்கும்ல? அதச் சொல்லலையே நீங்க."

ஜெப ஷீலா மறுபடியும் உட்கார்ந்தாள்.